பொலித்தீன் சுற்றிய சிலிண்டர்

காலாவதியான தீயணைப்புச் சிலிண்டரைக் குப்பையில் எறிந்தால் வெடிக்கலாம் என்று சொல்லி, பழையதை வாங்கிக்கொண்டு புதியதை மாட்டிக் கொடுக்கும் வேலையில் குறிஞ்சிப்பிட்டியெங்கும் ஓடித் திரிந்தபோதுதான் அந்த மீனவரைச் சந்தித்தேன். உப்புக் காற்றில் வெளுத்த தாடி. பேசும்போது விரல்கள் இடுப்பில் உடுத்தியிருந்த சாரத்தின் ஓரத்தை முடிந்து முடிந்து அவிழ்த்துக்கொண்டிருக்கும்.

“என்ன தம்பி, பழைய இரும்பு யாவாரமா?” என்று சிரித்தபடி சிலிண்டரை எடுத்து வந்தார். படகு எஞ்சினை மூடுவதுபோல அதையும் பொலித்தீனால் சுற்றி, வலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

“இதென்ன காக்கா, இப்பிடிக் கட்டினா அவசரத்துக்கு எப்பிடி எடுக்கிற?”

அவர் சிரிப்பு நின்றது.

“துருப் பிடிக்காம ஈக்கட்டும் எண்டு நான்தான் கட்டின. சோறாக்கிற குசினியில நெருப்புப் பத்தின நேரம் நான் கடல்ல. பொஞ்சாதி முடிச்ச அவுக்கப் பாத்திரிக்கா, ஏலல்ல. தண்ணி வாளியோட உள்ளுக்குப் போனவ நெருப்புலயே மவுத்தாப் போய்ட்டா.” பிறகு மெதுவாகக் கேட்டார்: “இது அண்டைக்கு வேல செஞ்சிரிக்குமா?”

‘இல்லை’ என்று வந்துவிடட்டும் என வேண்டியபடி கயிற்றை அறுத்தேன். ஒரு பொட்டுத் துரு இல்லை. அழுத்தம் காட்டும் முள் இன்னும் நிறைவைக் குறிக்கும் பச்சையில் நின்றது.

“நானே அமத்திப் பாக்கட்டா?”

முற்றத்தில் வைத்து, கைப்பிடியைப் பூட்டியிருந்த ஊசியை இழுத்துக் கொடுத்தேன். வெள்ளைத் தூள் சீறி மணலெல்லாம் பரந்தது. தீரும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

“இவ்வளவு லேசா, தம்பி?”

வெற்றுச் சிலிண்டரை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அதை அவரிடமிருந்து எப்படிக் கேட்டு வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.