1187ஆம் எண் டிஸ்க்

லோர்னா பாஸ்கோ உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊரான கடீனாவின் கடைத்தெருவில், சினிமா டிஸ்க்குகளை வாடகைக்கு விடும் அவளுடைய படக்கடைக்கும் என் பேக்கரிக்கும் நடுவே ஒரே சுவர். அவள் அங்குமிங்கும் நடக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருபத்தாறு வருடம் மாவு பிசைந்தேன். கடையில் நாற்காலியே கிடையாது. நான் கொடுக்கும், இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டியை ஒரு கையில் வைத்துக் கடித்துக்கொண்டே மறு கையால் டிஸ்க்கைத் துடைப்பாள். படம் பார்ப்பதும் நின்றபடிதான். எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள்தான்.

கேட்ட படத்தை அவள் கொடுத்ததும் குறைவு. ஒருமுறை வாத்துப்பண்ணை ஆலன் சண்டைப் படம் கேட்டு வந்தான். "பொண்டாட்டி வீட்டை விட்டுப் போய் மூணு வாரம் ஆகல, உனக்குச் சண்டை வேணுமா? இதை எடுத்துட்டுப் போ. சிரிச்சுட்டு வா" என்று வேறொன்றைத் திணித்து அனுப்பினாள். அவன் சிரித்துவிட்டுத்தான் வந்தான்.

பிறகு ஊருக்கு வேகமான இணையம் வந்தது. படங்கள் நேரே டிவிக்கே வர ஆரம்பித்தன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கார் நிறுத்த இடம் கிடைக்காத கடை வாசலில் ஆலனுடைய நாய் நீட்டிப் படுத்துத் தூங்கியது. போன அக்டோபரில் கடையை மூடுவதென்று முடிவானது. அடிலெய்டில் இருக்கும் மகள் கெரென்சா அம்மாவின் டிவியிலும் அந்த வசதியைப் போட்டுக் கொடுத்தாள். லோர்னா ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நிற்பாள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் மாறும்.

"எல்லாமே அதுல இருக்கும்மா. நீதான் பொறுமையா பார்க்கணும்" என்பாள் மகள்.

"எல்லாம் இருக்குடி. எதுலயும் மனசு நிக்க மாட்டேங்குது."

கடைசி விற்பனை நடந்த இரண்டு நாளும் லோர்னா கண் அறுவை சிகிச்சைக்காக அடிலெய்டில் இருந்தாள். கடையை நான் பார்த்துக்கொண்டேன். படக்கடைகளில் அலமாரியில் இருப்பவை காலி டப்பாக்கள். டிஸ்க்குகள், மேலே எண் எழுதி, அதே எண் போட்ட உறைகளில் கல்லாவுக்குப் பின்னால் இழுப்பறையில் இருக்கும். இரண்டையும் எண் பார்த்துச் சேர்த்து விற்கவேண்டும். டப்பா தொலைந்துபோனதும் யாரும் தொடாததுமாக ஒரு பெட்டி டிஸ்க் மிஞ்சியது. டென்சில் வந்தான். ஊருக்கு வெளியே ஆப்ரிகாட் பழத்தோட்டம் வைத்திருப்பவன். "பெவ், இதைச் சும்மா குடுத்துடேன்" என்றான். இடம் காலியானால் போதுமென்று தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் முதல் வாரத்தில் லோர்னா என் பேக்கரிக்குள் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"1187 யாருக்குப் போச்சு?"

"அது என்ன படம்?"

"செம்மறியாட்டு நோய் பத்தி மூணு மணி நேரப் படம். ஒரு ஆள் எடுத்ததில்ல. அதனாலதான் அந்த உறையில மெர்வை வச்சிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போற அவசரத்துல எடுக்க மறந்துட்டேன்."

மெர்வ் அவளுடைய கணவன். ஒன்பது வருடத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டான். வீடியோ கேசட் போய்க் கடைக்கு டிஸ்க் வந்த முதல் நாளில் லோர்னா கேமராவில் அவனை எடுத்திருக்கிறாள். அவன் குரல் இருப்பது அந்த ஒரு டிஸ்க்கில்தான். வீட்டில் வைத்தால் நாளெல்லாம் போட்டுப் பார்த்து வேலை கெடும் என்று கடையில் ஒளித்துவைத்து, வருடத்தில் ஒருநாள், அவன் இறந்த நாளன்று மட்டும் பார்ப்பாளாம். அந்த நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

அந்தப் பெட்டி எங்கே போனதென்று எனக்குத் தெரியும். எதற்குப் போனதென்றும் தெரியும். வாயைத் திறக்கவில்லை. அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். வாங்கியவர்கள் யாரும் டிஸ்க்கைப் பிரித்துக்கூடப் பார்த்திருக்கவில்லை. அவள்மேல் இருந்த பாசத்துக்காக வாங்கி, வண்டிக் கொட்டகையில் போட்டிருந்தார்கள். நான்காம் நாள் காலையிலேயே என் கடை முன்னால் நான்கு முறை கடந்து போனாள். ஒருமுறைகூட உள்ளே பார்க்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"டென்சில்கிட்ட குடுத்துட்டேன். பறவை விரட்ட."

"நாலு நாளா தெரியுமா?"

"தெரியும்."

"வண்டியை எடு" என்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

தோட்டத்தில் மரத்துக்கு மரம் டிஸ்க்குகள் கயிற்றில் சுழன்று, கண்ணைக் கூசவைத்தன. கிளிகள் பயந்ததாகத் தெரியவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து காயைக் கொறித்துக்கொண்டிருந்தன. டென்சில் விஷயம் கேட்டுத் தொப்பியைக் கழற்றினான். "எனக்கென்ன தெரியும் லோர்னா? எல்லாம் ஒரே மாதிரி மினுங்குது."

அவன் ஏணியைப் பிடிக்க, அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பதினோராவது மரத்தில், அவள் கையெழுத்து வெயிலில் வெளுத்துப்போய், 1187 தொங்கியது. பளபளக்கும் பக்கமெல்லாம் கீறல்கள், கிளியின் எச்சம். சட்டையில் துடைத்தாள்.

"சரி, எதுல போடுறது?" என்றான் டென்சில்.

எங்கள் மூவரில் யாரிடமும் டிஸ்க் பிளேயர் இல்லை. அவளுடையதை மகள் கழித்துக் கட்டியிருந்தாள். என்னுடையது எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. கடைசியில் முதியோர் இல்லத்துக் கூடத்தில் ஒன்று இருப்பது எனக்கு நினைவுக்கு வந்தது.

அங்கே ஏழெட்டுப் பேர் காலைத் தேநீரோடு உட்கார்ந்திருந்தார்கள். டிஸ்க்கை இரண்டு முறை வெளியே துப்பியது அந்தப் பிளேயர். மூன்றாம் முறை முனகியது. திரையில் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு சேர்ந்து, கல்லாவுக்குப் பின்னால் மெர்வ் நின்றான். எங்கிருந்தோ இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டிருந்தான்.

"கேமராவைக் கீழ வை, லோர்னா. எவ்வளவு நேரம்தான் நிப்ப? வந்து என் பக்கத்துல கொஞ்சம் உக்காரு."

அதோடு படம் உறைந்தது. அவன் கை நாற்காலியின் முதுகில் இருந்தது.

"போன வருஷம் வரைக்கும் இதுக்கப்புறம் இன்னும் ஓடும்" என்றாள் லோர்னா. "நான் வரமாட்டேன்னு சொல்லிட்டு, வாசல்ல கஸ்டமர் வண்டி வந்து நிக்குதான்னு கேமராவோட எட்டிப் பார்ப்பேன். அதுவும் இருந்துச்சு."

"படம் நின்னுபோச்சே, வேற போடுங்கம்மா" என்றார் பின்னாலிருந்த பெரியவர்.

"கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு, சுவரோரம் இருந்த நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டு லோர்னா உட்கார்ந்தாள். மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.