துண்டுக்குள் வந்த கை

அய்யாத்துரை விலையில் பொய் சொல்வான். கொள்முதலில் சொல்வான். சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டே சொல்வான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவன் வாயிலிருந்து வந்தது அத்தனையும் நிஜம். நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்களுக்கு ஒன்றும் நஷ்டமில்லை. நஷ்டமெல்லாம் அவனுக்குத்தான்.

2004 மே பதினாலாம் தேதி, வெள்ளிக்கிழமை. கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிற பட்டப்பகல். பேய்க்கு ராத்திரிதான் தோது என்று யார் சொன்னது?

அய்யாத்துரைக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். பிழைப்பு திருவொற்றியூரில், டிவிடி கடை. அப்பன் மாட்டுத் தரகர் என்பதால், துண்டு போட்டு விலை பேசும் வித்தை அவனுக்குப் பிறவியிலேயே வந்தது. இரண்டு பேர் கைமேல் ஒரு துண்டு. உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்ல வேண்டும். ஒரு விரலுக்கு ஆயிரம். ஐந்தையும் பிடித்தால் ஐயாயிரம். பிடிக்காவிட்டால் உதறு, சம்மதம் என்றால் அழுத்து. சுற்றி நிற்கிற பயலுக்கு ஒன்றும் விளங்காது. வாயால் பேசினால் அய்யாத்துரை சாதாரண ஆள்தான். வலக்கை துண்டுக்குள் போய்விட்டால் எப்பேர்ப்பட்ட எதிராளியும் இறங்கி வருவான். அவனுக்குக் கடை, வீடு, சோறு எல்லாமே அந்தக் கைதான்.

அன்று ஜும்மா தொழுகை முடிந்த கையோடு ராயபுரம் பஷீர் பாய் குடோனில் சந்திப்பு. துறைமுகத்தில் கேட்பாரில்லாமல் கிடந்த சரக்கு பத்துக் கை மாறி அங்கே வந்து சேரும். பாய்க்கும் துண்டு பேரம் என்றால் உயிர்.

"அண்ணாச்சி, இத்தாலிக்காரன் படம் ஒரு பொட்டி வந்துகீது. பூரா கொல கேஸு."

"ஓடுமா பாய்? உப்புக்காத்து தின்ன சரக்குன்னா மாடியில கட்டித் தொங்கவிட்டு காக்கா வெரட்டத்தான் ஆவும்."

"போட்டே காட்றேன். நெஞ்சுவலி கீதுன்னா இப்பவே சொல்லிடு."

முப்பது வருஷத்துக்கு முந்தைய படங்கள். பழைய பிலிமைத் தேடிப் பிடித்து, கீறலை அழித்து, வெளுத்த நிறத்தை மீட்டுப் புதுசாக வெளியிட்ட பதிப்பு. கோடம்பாக்கத்து உதவி இயக்குநர்கள் இதற்காக நாயாய் அலைகிறார்கள் என்று அய்யாத்துரைக்குத் தெரியும். வேப்பெண்ணெய் குடித்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

மணி 2:31. மூடி ஒட்டியிருந்த பெட்டியின் மேலேயே ஒரு டிஸ்க் சாம்பிளுக்கு இருந்தது. அதைப் போட்டார் பாய்.

கறுப்புத் தோல் கையுறை போட்ட ஒருவன். முகம் தெரியவில்லை. கையில் சவரக்கத்தி. குளியலறையில் ஒரு பெண்ணின் கூந்தலைப் பிடித்துக் கண்ணாடியில் மோதினான். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாவதில் கண்ணாடி உடைந்தது. பிறகு கத்தி கழுத்தில் நிதானமாகப் போனது. வெள்ளைச் சுவரெல்லாம் சிவப்பு. அப்போதுதான் சிந்தியது போல அவ்வளவு பளிச்சென்று.

"தூ... கலீஜ் படம். ஆனா பிரிண்டு சூப்பர்." பஷீர் பாய் பெட்டிமேல் துண்டை விரித்துவிட்டு நகர்ந்தார்.

அய்யாத்துரை அதைக் கவனிக்கவில்லை. பேரத்தில் உட்கார்ந்தால் எதிராளி முகத்தைப் பார்க்கக் கூடாது. ஆசை கண்ணில் தெரிந்துவிடும். ஆகவே கண்ணைப் படத்தில் வைத்தான். கையைத் துண்டுக்குள் விட்டான்.

மணி 2:38.

ஒரு கை வந்து ஐந்து விரலையும் பிடித்தது.

ஐயாயிரமா? அநியாயம். உதறிவிட்டு அதன் இரண்டு விரலைப் பிடித்தான். வழவழவென்று இருந்தது. பஷீர் பாய்க்கு எப்போதும் உள்ளங்கை வேர்க்கும். இது காய்ந்திருந்தது. அந்த வெயிலிலும் சில்லென்று இருந்தது...

அந்தக் கை நான்கு விரலைப் பிடித்தது. உதறினான்.

கிர்ர்ர்க்...

புதுச் செருப்பு முனகுகிற சத்தம். துண்டுக்குள்ளிருந்து.

படத்தில் கையுறைக்காரன் இப்போது ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அசையவில்லை. இடக்கையில் கத்தி. வலக்கை மட்டும் மேசைக்கு அடியில் எங்கோ நீண்டிருந்தது.

மணி 2:41. துண்டுக்குள் அந்தக் கை மூன்று விரலைப் பிடித்தது. ஐந்தை மூன்றாக்கியாச்சு! அய்யாத்துரைக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

அழுத்தினான். சம்மதம்.

"இன்னா அண்ணாச்சி, அதுக்குள்ள கைய வுட்டுகினு குந்திகீறே?"

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. வாசலிலிருந்து.

"டீ வாங்கியாறதுக்குள்ள இன்னா அவசரம்? இரு, வந்து பேசலாம்."

பஷீர் பாயின் இரண்டு கையிலும் இரண்டு கிளாஸ்.

துண்டுக்குள் பிடி விடவில்லை.

இறுகியது.

இழுத்தான். பெட்டியை உதைத்து இழுத்தான். தோள் கழன்றுவிடும் போல இழுத்தான்...

சரக்.

சரக்.

சரக்.

துண்டு சிவந்தது. திரையில் பார்த்த அதே சிவப்பு.

பாய் கிளாஸைப் போட்டுவிட்டு ஓடி வந்து துண்டை உருவினார். கீழே யாரும் இல்லை. பெட்டி மூடியபடி, ஒட்டிய டேப்கூடப் பிரியாமல் இருந்தது. அய்யாத்துரையின் வலக்கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் நின்றன.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டது ஒன்றுதான். "விரல் எங்கே? ஐஸ்ல வச்சு ஆறு மணி நேரத்துக்குள்ள கொண்டுவாங்க. தைச்சுப் பார்க்கலாம். நல்லா தீட்டின கத்தி. வெட்டு சுத்தமா இருக்கு."

பஷீர் பாய் ஆள் விட்டுக் குடோனையே கவிழ்த்தார். பெட்டிகளைக் கிழித்தார்கள். சாக்கடையைத் தோண்டினார்கள். எலி வளையில் கைவிட்டுத் துழாவினார்கள்.

மணி 8:41 ஆனது. கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு, ஜூலையில், அய்யாத்துரை பாயைக் கேட்டான். "அந்தப் பொட்டி எங்கேருந்து வந்துச்சு பாய்?"

"எர்ணாவூர்ல புஷ்பவல்லின்னு ஒரு பொம்பள. புருசன் ஆஸ்பத்திரில கீறாருன்னு சொல்லி, வந்த வெலைக்குத் தள்ளிவுட்டுச்சு."

இருவரும் போனார்கள். மாலை 4:10. புஷ்பவல்லியின் புருஷன் செங்குட்டுவன் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. நாலு காசு பார்க்கலாமென்று அந்தப் பெட்டியை ஏலத்தில் எடுத்தவர். அதை அவரிடம் வாங்க வந்த தரகன் துண்டு போட்டானாம். அப்போதும் டிவியில் அந்தப் படம்தான் ஓடியதாம்.

செங்குட்டுவன் அய்யாத்துரையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணா?"

"அஞ்சு கேட்டுச்சு. கொறச்சேன்."

செங்குட்டுவன் தலையை மெல்ல ஆட்டினார். முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். வலதுகைச் சட்டை மணிக்கட்டில் மடித்து, ஊக்கு குத்தியிருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"எனக்குப் பேரம் பேச வராது அண்ணாச்சி," என்றார். "மொதல்ல கேட்டதுக்கே சரின்னு அமுக்கிட்டேன்."