மஞ்சள் வைத்த சான்றிதழ்

செம்மேட்டு கம்ப்யூட்டர் கடையில் மகளின் சாதிச் சான்றிதழ் பிரிண்டரிலிருந்து ஈரமாக வந்தது. பனியில் நமத்த தாளில் எழுத்தெல்லாம் கசிந்திருந்தது. பள்ளி விடுதியில் கொடுக்க இன்றுதான் கடைசி நாள். அன்றைக்கும் இதே மை வாசம்தான்.

நான் ஐந்தாவது முடித்தபோது அப்பாவும் இப்படியொரு சான்றிதழை அச்சடித்து வாங்கி வந்தார். நல்ல காகிதமாச்சே என்று அம்மா நாலு மூலையிலும் மஞ்சளைக் குழைத்து வைத்தாள். மடித்து வைத்ததில் ஈரம் இறங்கி என் பெயர் கரைந்து ஓடியது. "பேரே தெரியலீங்களே" என்று விடுதியில் திருப்பி அனுப்பினார்கள். வேறு வாங்குவதற்குள் இடம் நிரம்பிவிட்டது.

"அழுவாத கண்ணு, அடுத்த வருசம் போலாம்" என்றாள் அம்மா. அடுத்த வருசம் மிளகு பறிக்கப் போனேன்.

"இன்னொண்ணு எடுங்க தம்பி" என்றேன் கடைக்காரரிடம்.

"எத்தன எடுத்தாலும் இப்படித்தானுங்க. தாளே ஈரம்."

"காஞ்சிரும்மா" என்று மகள் ஊதினாள். அவள் பெயர் பரவிக்கொண்டே இருந்தது.