சாவிக்காரர் கையில் பன்னிரண்டு வார்த்தைகள்

சாவிக்காரர் எங்கள் கட்டடத்தை விட்டுப் போய் நாலு மாதம் ஆகிறது. இப்போது பேருந்துகள் நிற்கும் இடத்துக்குப் பின்னால், செருப்புத் தைப்பவருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாராம். நான் போய்ப் பார்க்கவில்லை. போவதற்கு முகம் வேண்டும்.

அவரைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் நடந்தது முழுக்கத் தெரிந்தவள் நான்தான், அதனால் நானே சொல்லித் தொலைக்கிறேன்.

பதினெட்டு வருடமாக ஒரே கூரைக்கு அடியில் மூன்று கடைகள். ஒரு பக்கம் சலவைக்கடை அக்கா, இன்னொரு பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் நடத்தும் கண்ணாடிக்கடை, நடுவில் சாவிக்காரர். அவருடையதைக் கடை என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். அதற்குள் ஒரு மேசை, சாவி வெட்டும் இயந்திரம், ஆணியில் கொத்துக் கொத்தாய்த் தொங்கும் வெட்டாத சாவிகள், அப்புறம் அவர். அறுபதை ஒட்டிய வயது. மனைவி போய்ச் சேர்ந்து வெகு நாளாகிறது, பிள்ளை கிடையாது. மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, அதற்குப் பதில் நூல். "பக்கத்துக் கடையிலேயே கண்ணாடி இருக்கு, இதை மாத்த மாட்டீங்களா அண்ணே?" என்றால், "உங்க வீட்டுக்காரர் ஜன்னல் கண்ணாடியை வெட்டி மாட்டிவிட்டுருவாரும்மா" என்பார்.

ஊரில் பாதி வீட்டுப் பூட்டை அவர் ஒருமுறையாவது திறந்திருப்பார். ஆனால் யாரும் அவரைச் சந்தேகப்பட்டதில்லை. அதற்குக் காரணம் அவர் வேலை செய்யும் முறை. சாவியைக் கொடுத்தவர் எதிரிலேயே வெட்டுவார். அவர்கள் டீ குடிக்கப் போனால் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். வெட்டும்போது பிசகிப்போன சாவியைக்கூட அவர்கள் எதிரிலேயே குறட்டால் உடைத்து, துண்டுகளை அவர்கள் கையில் கொடுத்துவிடுவார்.

"இந்தக் குப்பையை நான் கொண்டுபோய் என்னங்க பண்றது?"

"எங்கயாவது போடுங்க. என் கடையில இருக்கக் கூடாது."

எனக்குச் சில நாள் எரிச்சலாகக்கூட இருக்கும். மனுஷன் இவ்வளவு கறாராய் இருந்தால் பக்கத்தில் இருப்பவருக்குக் கூச்சமாய் இராதா?

அப்புறம் வங்கிக் கதை வந்தது. எங்கள் தெருமுனை வங்கியின் முதலாளிகள், ஊரார் போட்ட பணத்தைத் தங்கள் மைத்துனர்களுக்கும் மருமகன்களுக்கும் கடனாய்க் கொடுத்துவிட்டு, ஒரே வாரத்தில் கம்பி நீட்டிவிட்டார்கள். மிச்சம் இருந்த அதிகாரிகள், வாரத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று ஒரு காகிதத்தைக் கதவில் ஒட்டினார்கள். அந்த இவ்வளவில் ஒரு வாரத்துக் காய்கறிகூட வராது. ஜனங்கள் காலையில் வரிசையில் நின்றார்கள், மத்தியானம் கத்தினார்கள், சாயங்காலம் கல்லெறிந்தார்கள். போலீஸ் வந்தது, அடித்தது, போனது. மறுநாள் மறுபடி வரிசை.

இதில் கொழுத்தது எங்கள் கடைதான் என்று சொன்னால் பொய்யில்லை. இரண்டு மாதத்தில் மூன்று முறை வங்கிக்குக் கண்ணாடி போட்டோம். ஜனங்களுக்குக் கொடுக்கப் பணம் இல்லாத வங்கிக்குக் கண்ணாடிக்குக் கொடுக்க மட்டும் இருந்தது, அதுவும் ரொக்கமாய். எங்கள் பணத்தையே எடுத்து எங்களுக்குக் கூலி கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். வாங்கிக்கொண்டேன். அரிசிக்காரன் இந்த நியாயத்தையெல்லாம் கேட்பானா?

இந்த நேரத்தில்தான் கட்டடத்துக்காரர் வந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் போகிறாராம். கட்டடத்தை விற்கப்போகிறார். பழகின தோஷத்துக்கு எங்களுக்கே முதலில் கேட்கிறார். விலையும் நியாயமான விலை. ஆனால் வருகிற முப்பதாம் தேதிக்குள் வேண்டும், டிஜிட்டல் காசாகத்தான் வேண்டும். "எனக்கு பேங்க்கும் வேணாம், நோட்டும் வேணாம். நோட்டை இங்க கட்டிட்டுப் போனா அங்க போய் இறங்கும்போது அது வெறும் காகிதம்" என்றார். மறுக்க முடியவில்லை. நோட்டின் மதிப்பு அப்போது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

தனித்தனியாக எங்களில் யாராலும் அந்தக் கட்டடத்தின் வாசற்படியைக்கூட வாங்க முடியாது. மூவரும் சேர்ந்தால் முடியும். வாங்காவிட்டால் மூன்று கடையும் தெருவில். அதனால் வங்கிக்குப் போகாமல் தப்பித்த சேமிப்பு, என் வளையல்கள், அக்காவின் இரண்டு சலவை இயந்திரங்களில் ஒன்று, சாவிக்காரர் சொந்தமாய் வைத்திருந்த ஒற்றை அறை வீடு, எல்லாவற்றையும் விற்று அந்தக் காசாக மாற்றினோம். வீட்டை விற்றபின் அவர் கடையிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்.

அந்தக் காசுக்கு வங்கி கிடையாது, மேலாளர் கிடையாது, முத்திரை கிடையாது. போனில் இருக்கும். போன் தொலைந்தால் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகளை வரிசையாகச் சொன்னால் வேறு போனில் திறக்கும். அந்தப் பன்னிரண்டும் யாரிடம் இருக்கிறதோ அவருடையதுதான் பணம். அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது.

"ஒருத்தர் கையில முழுசா இருக்கக் கூடாது" என்றார் அக்கா. "பேங்க்ல அதானே நடந்துச்சு. ஆளுக்கு நாலா பிரிச்சுக்குவோம்."

"சரியான பேச்சு" என்று முதலில் தலையாட்டியவர் சாவிக்காரர். போன் அவரிடம், அதைத் திறக்கும் எண் அக்காவிடம், பணத்தைத் தொடும்போது மூன்று கடை ஆட்களும் இருக்க வேண்டும் என்று முடிவானது. அட்டையை வெட்டித் திரையை மறைத்து, நாலு நாலு வார்த்தையாய்க் காட்டி எழுதிக்கொண்டோம். ஒருவர் எழுதும்போது மற்றவர்கள் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். ஐம்பது வயதில் பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கின மாதிரி நின்றோம். சிரிப்பு வந்தது. சிரித்து நாளாகியிருந்தது.

என் வீட்டுக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம். அளவு, முகவரி, போன் நம்பர் எதுவானாலும் மெழுகுப் பென்சிலால் பக்கத்தில் இருக்கும் கண்ணாடியில் எழுதுவார். கண்ணாடிக்காரர்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான், இவருக்குக் கொஞ்சம் முற்றிவிட்டது. எங்கள் கல்யாணப் பத்திரிகையையே கண்ணாடியில் எழுதியிருப்பார், மாமனார் விடவில்லை. நாலு வார்த்தையையும் மூலையில் சாத்தியிருந்த ஒரு பெரிய கண்ணாடியில், வரிக்கு ஒன்றாய் எழுதிவைத்தார். என்னிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்று பேச்சாம், பெண்டாட்டியும் அதில் சேர்த்தியாம்.

மாதத்தின் எட்டாம் தேதி வங்கியிலிருந்து அவசரமாய்க் கூப்பிட்டார்கள். நாலாவது முறை. அவர் வெளியே போயிருந்தார். இருந்தது அந்த ஒரு கண்ணாடிதான். அடியில் ஏதோ கிறுக்கல், பழைய அளவு என்று நினைத்தேன். ஈரச் செய்தித்தாளால் துடைத்தேன், கீழே இரண்டு விரல் அகலம் அதிகமாயிருந்ததை வெட்டித் தள்ளினேன், வண்டியில் ஏற்றினேன். அவர் போன இடத்திலிருந்து நேரே வங்கிக்குப் போய், எந்தக் கண்ணாடி என்று தெரியாமலே மாட்டிவிட்டு வந்தார்.

பன்னிரண்டாம் தேதி தெருவில் தடியடி. ஓடின கூட்டத்தில் பத்துப் பதினைந்து பேர் சாவிக்காரரின் கடைக்குள் புகுந்துவிட்டார்கள். இரண்டு பேர் நிற்கவே திணறும் இடம். மேசை கவிழ்ந்து, இழுப்பறையில் இருந்த போன் காலடியில் சிக்கித் தூளாகிவிட்டது. யாரும் பதறவில்லை. அதற்குத்தானே பன்னிரண்டு வார்த்தை என்றார் சாவிக்காரர். தன் நாலையும் சொன்னார், அக்காவும் தன் நாலையும் சொன்னார். என் வீட்டுக்காரர் கடைக்குள் போய் மூலையைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் துடைத்த கிறுக்கல் எது என்று அந்தப் பார்வையில்தான் எனக்குத் தெரிந்தது.

"எழுதி வச்ச கண்ணாடியை நான்தான் மறந்துபோய்த் துடைச்சு பேங்க்ல மாட்டிட்டேன்" என்று அவர்களிடம் சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சாவிக்காரர் மட்டும் கேட்டார். "ஊதிப் பார்த்தா தெரியும்னு சொல்வீங்களே?"

உண்மைதான். மெழுகு பட்ட கண்ணாடியை எவ்வளவு துடைத்தாலும், வாயால் ஊதினால் அந்த ஈரத்தில் பழைய எழுத்து ஒரு நொடி தெரியும். மறுநாள் காலையில் நானும் என் வீட்டுக்காரரும் வங்கி வாசலில் நின்று கண்ணாடியை ஊதினோம். அவர் மேலே, நான் கீழே. வரிசையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். காவலாளி வந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"கண்ணாடி போட்டவங்கய்யா. சரியா போட்டிருக்கான்னு பாக்கறோம்."

"ஊதிப் பாத்தா தெரியுமா?"

"தெரியும்யா" என்றார் இவர்.

வரிசையில் ஒருவர், "பணம்தான் வரல, காத்தாவது வருதான்னு பாருங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் மூச்சு முட்டி ஊதிக்கொண்டிருந்தேன். மூன்று வார்த்தை கிடைத்தது. ஏணி, வெங்காயம், இன்னொன்றுக்கு அர்த்தம் தெரியவில்லை. நாலாவது, கடைசி வார்த்தை, நான் வெட்டித் தள்ளிய இரண்டு விரல் அகலத்தோடு போயிருந்தது. உடைசல் வண்டி இரண்டு நாளைக்கு முன்பே வாரிக்கொண்டு போய்விட்டது.

"ஒண்ணுதானே" என்றார் சாவிக்காரர். அந்த வார்த்தைகளுக்கு ஒரு பட்டியல் உண்டாம், மொத்தம் இரண்டாயிரத்துச் சொச்சம். "ஒவ்வொண்ணாப் போட்டுப் பார்ப்போம். பூட்டுக்கு ஆயிரம் சாவி போட்டுப் பார்த்தவன்தானே நான்."

பதினோரு வார்த்தையும் அவரிடம் கொடுத்தோம். கடன் வாங்கி ஒரு பழைய போனும் வாங்கிக் கொடுத்தோம். அந்த நேரத்தில் யாருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அவர் சாவி வெட்டியது குறைவு. முக்காலியில் உட்கார்ந்து, நூல் கட்டிய மூக்குக்கண்ணாடியைத் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டு, ஒரு வார்த்தையைத் தட்டுவார், பார்ப்பார், பட்டியலில் கோடு போடுவார். பெரும்பாலானவை தப்பு என்று வந்துவிடும். சில வார்த்தைக்குத் திறந்துகொள்ளும், ஆனால் உள்ளே காலியாக இருக்கும். "யாரோட வீடோ தெரியலம்மா, ஆளே இல்ல" என்று சாத்திவிட்டு அடுத்ததற்குப் போவார். விரல் நுனி வீங்கியிருந்தது. நான் சாப்பாடு கொண்டுபோய் வைத்தால் ஆறிப்போகும் வரை அப்படியே இருக்கும். இந்த மனுஷனுக்கு நாம் என்ன செய்து தீர்க்கப் போகிறோம் என்று மனசார நினைத்தேன். நினைத்தது நிஜம்.

இருபத்து நாலாம் தேதி காலையில் மூன்று பேரையும் கூப்பிட்டார். போனை மேசையில் வைத்து எங்கள் பக்கமாய்த் திருப்பினார். எங்கள் பணம் இருந்தது. ஒரு புள்ளி குறையவில்லை. அக்கா அழுதுவிட்டார். என் வீட்டுக்காரர் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

நான் கேட்டேன். "எப்ப அண்ணே திறந்துச்சு?"

"நேத்து சாயங்காலம்மா. அக்கா வீட்டுக்குப் போயிட்டாங்க, நீங்களும் கடையைச் சாத்திட்டீங்க. மூணு கடை ஆளும் இருக்கும்போதுதான் தொடணும்னு பேச்சு. அதான் அப்படியே மூடி வச்சிட்டேன்."

"அப்ப ராத்திரி முழுக்க பன்னெண்டு வார்த்தையும் உங்ககிட்ட மட்டும்தான் இருந்துச்சா?"

ஏன் கேட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பணத்தைத் தின்றுவிட்டு ஓடினவர்கள் எல்லாரும் சாதாரண முகத்தோடுதான் இருந்தார்கள், அதனால் கேட்டேனோ என்னவோ. களைப்பு. வாய் கேட்டுவிட்டது. என் வீட்டுக்காரர் "ஏய்" என்று அதட்டினார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்குப் பரிந்தும் பேசவில்லை, சாவிக்காரருக்குப் பரிந்தும் பேசவில்லை. போனை மட்டும் இன்னொரு தரம் எட்டிப் பார்த்தார்.

சாவிக்காரர் கொஞ்ச நேரம் இயந்திரத்தின் மேல் படிந்திருந்த பித்தளைத் தூளைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"மூணாப் பிரிச்சிடலாம்" என்றார். "அவங்கவங்க பணம் அவங்கவங்ககிட்ட இருக்கட்டும்."

"அண்ணே, ஏதோ தெரியாம கேட்டுட்டா. முப்பதாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு. வாங்கிடலாம்ணே" என்றார் இவர்.

"இல்லப்பா. வாங்கினா பத்திரம் ஒரு பெட்டியில இருக்கணும். அந்தப் பெட்டிக்கு ஒரு சாவி இருக்கும். அது யார்கிட்ட இருக்கும்?"

நான் சொல்லியிருக்கலாம். "உங்ககிட்டதான் அண்ணே" என்று இரண்டே வார்த்தை. கண்ணாடியைத் துடைத்தது நான்தான் என்றாவது சொல்லியிருக்கலாம்.

சாயங்காலத்துக்குள் பிரித்துவிட்டார். எனக்கும் அக்காவுக்கும் எங்கள் எங்கள் போனில் தனித்தனியாய்ப் பன்னிரண்டு வார்த்தை வந்தது. கட்டடத்தை ஒரு போன் கடைக்காரர் வாங்கினார். மூன்று கடையும் காலி. அக்கா மகன் வீட்டு மாடியில் இஸ்திரி போடுகிறார். நாங்கள் ஊர் ஓரத்தில் ஒரு கொட்டகையில் இருக்கிறோம், வாடகை ஏறிக்கொண்டே இருக்கிறது.

அன்றைக்குப் பணம் எல்லாம் பிரிந்து முடிந்ததும், சாவிக்காரர் தன் பங்கு இருந்த போனை என்னிடம் நீட்டினார். கோபமாய் நீட்டவில்லை. சாவித் துண்டுகளை நீட்டும் அதே முகம்தான்.

"நல்லாப் பாத்துக்கம்மா. உங்களது எதுவும் இதுல இல்ல."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் அதைக் கையில் வாங்கினேன். மேலிருந்து கீழ் வரை, ஒரு வரி விடாமல், பார்த்தேன்.