முட்டி போடாத நீர்நாய்

மசாகா ஊர்ச் சந்தைக்குப் பின்னால், பலகையடித்த வீடியோக் கொட்டகையில் படம் சொல்பவள் நஸோலோ. திரையில் எந்த நாட்டுப் படம் ஓடினாலும், ஓரத்தில் மைக்கோடு உட்கார்ந்து அவள் சொல்வதுதான் சனங்களுக்குக் கதை. முதலில் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். படம் சொல்கிறவன் குடித்துவிட்டு வராமல் போன ஒரு நாள், கூட்டம் பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தது. யாரையும் கேட்காமல் மைக்கை எடுத்தாள். "பொம்பளைக் குரல்ல சண்டைப் படமா?" என்று சிரித்தார்கள். வில்லன் விழுந்தபோது அவள் போட்ட கூச்சலில், சிரித்தவர்களே எழுந்து நின்றார்கள். அதன்பின் மைக்கை அவள் திருப்பித் தரவில்லை.

இப்போது அதைப் பிடுங்கப் பார்த்தார்கள். காரணம், ஒரு கார்ட்டூன் நீர்நாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பப் படம். அதில் ஆற்றுக்கே அரசனான தகப்பன் நீர்நாய் கல் அடுக்கித் தண்ணீரைத் தன் கூட்டத்துக்கு மட்டும் மறித்து வைக்கிறது. மகள் அந்தக் கற்களைப் புரட்டித் தள்ளிவிட்டு, கோபத்தோடு வரும் தகப்பன் எதிரில் நிமிர்ந்து நிற்கிறது. அந்த மகளுக்கு நஸோலோ வைத்த பெயர் சன்யு. ஒரே காட்சியில் அது ஊர்ப் பிள்ளைகளின் செல்லமாகிவிட்டது. அந்த ஊரில் குலத்துக்கு ஒரு விலங்கு உண்டு; நீர்நாய்க் குலத்துப் பிள்ளைகளுக்கு அது சொந்த அக்காவே ஆகிவிட்டது.

மறுநாளே, அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியான கிராபோவின் அம்மா கொட்டகைக்கு வந்தாள். பின்னால் இன்னும் சில தாய்மார்கள்.

"முக்வாயா அண்ணே, உங்க படத்தால என் மானமே போச்சு. பெரியப்பா வந்திருக்காரு, முட்டி போட்டு வணக்கம் சொல்லுடின்னா, என் மக விறைச்சுக்கிட்டு நிக்கிறா. ஏண்டின்னா, 'நாம நீர்நாய்க் குலம், நம்ம சன்யு அக்காவே முட்டி போடல'ங்கிறா!"

கொட்டகைக்காரன் முக்வாயாவுக்குச் சிரிப்பு முட்டியது. தாய்மார்களின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான். அவர்கள் போனதும் நஸோலோவைக் கூப்பிட்டான்.

"வர்ற ஞாயித்துக்கிழமையும் அதே படந்தான். அந்தப் பொண்ணு மன்னிப்புக் கேக்குதுன்னு சொல்லிடு."

"படத்துல கேக்கலியேண்ணே."

"சரி, முட்டி வலின்னு சொல்லு. அதான் நிக்குதுன்னு."

"நீர்நாய்க்கு முட்டி எங்க இருக்கு?"

"விளையாடாத நஸோலோ. கம்பாலாவுல கயெம்பான்னு படம் சொல்றவன் ஒருத்தன் இருக்கான். சொன்னதைச் சொல்லுவான். வரச் சொல்லிடுவேன்."

"அவன் வர்ற வரைக்கும் மைக் என் கையிலதானே?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிரம்பியது. மரவள்ளி வறுவல் வாசனை. முன்பெஞ்சில் தாய்மார்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். நஸோலோ அவர்கள் முன் வந்து, மண்தரையில் இரண்டு முட்டியையும் ஊன்றி, ஒவ்வொருவரிடமும் வீட்டு நலம் விசாரித்து முறையாக வணங்கினாள். அவர்கள் முகம் இளகியது. முக்வாயாவுக்கு மூச்சு வந்தது.

அவள் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு மைக்கை எடுத்தாள்.

"நான் முட்டி போட்டேன். எங்க அம்மா பழக்கினது, எனக்கும் பிடிச்சிருக்கு. சன்யு நம்ம ஊர்க்காரி இல்ல. அவ செஞ்சதைச் சொல்லுவேன். செய்யாததை அவ தலையில கட்ட மாட்டேன்."

படம் ஓடியது. கற்கள் உருண்டன. தகப்பன் சீறிக்கொண்டு வந்தபோது முக்வாயா மைக்கின் சுவிட்சை அணைத்தான். திரையிலிருந்து புரியாத மொழிச் சத்தம் மட்டும் வந்தது. நஸோலோ எழுந்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"'யாரைக் கேட்டுடி கல்லைத் தள்ளினே?'ங்கிறார் அப்பா. சன்யு சொல்றா, 'யாரைக் கேட்டுப்பா அடுக்கினீங்க?'"

"அப்படிக் கேளுடி!"

முன்பெஞ்சிலிருந்து வந்த குரல். விடிந்தால் மஞ்சள் கேனோடு தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் கிராபோவின் அம்மாதான். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். முக்வாயா நஸோலோவை நிறுத்தத் திரைக்கு முன்னால் ஓடி வந்தான்.

"மறைக்காதீங்கண்ணே, உக்காருங்க!" என்று கிராபோவின் அம்மாவே அதட்டினாள். "ஏம்மா நஸோலோ, அப்பன் என்ன சொன்னான்?"

நஸோலோ கடைசிவரை வெறும் குரலில் சொல்லி முடித்தாள். கூட்டம் கலைகையில் கிராபோ வந்து அவள் பாவாடையை இழுத்தாள்.

"அக்கா, பெரியப்பாவுக்கு நான் முட்டி போடணுமா, வேணாமா?"

தாய்மார்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதை உங்க அம்மாகிட்ட கேளு. நேரா நின்னு கேளு."

கிராபோவின் அம்மா முறைத்தாள். முறைப்பு பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"அடுத்த வாரம் கயெம்பா வர்றான்," என்றான் முக்வாயா.

"வரட்டும். முன்பெஞ்சுல இடம் போட்டு வைங்க. கேட்டுட்டுப் போகட்டும்."

கம்மிய குரலில் சொல்லிவிட்டு, எப்போதும்போல வயரைச் சுற்றினாள். மைக்கை அவனிடம் கொடுக்கவில்லை. தன் நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போனாள்.