பக்கத்து வீட்டு அக்கா தைத்த கவர் பை

எண்பதுகளின் பிற்பாதியில் திண்டிவனத்தில் பிளாஸ்டிக் கவரை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். ஜவுளிக்கடையில் புடவையோடு ஒன்று வந்தால் கழுவி, கொடியில் உலர்த்தி, மடித்து வைப்போம். நான் என் கவர்களை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். எதையும் இரண்டு முறை யோசிக்கிற நான் அந்தக் கீழ்த்தட்டைப் பற்றி ஒரு முறைகூட யோசிக்கவில்லை.

மகளுக்கு அப்போது பதினோரு மாதம். கணவர் வேலைக்கு விழுப்புரம் போயிருந்தார். அடுப்பில் பால் பொங்குகிறதா என்று நான் பார்க்கப் போன நேரத்தில், அவள் தவழ்ந்து போய் ஒரு கவரை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். உறைமோர் வாங்க வந்த பக்கத்து வீட்டு அக்காதான் பார்த்துப் பிடுங்கி எடுத்தார். சத்தம் கேட்டு நான் ஓடி வந்தபோது குழந்தை அவர் இடுப்பில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல, பயந்துக்காத. எங்க ரெண்டாவது இப்படித்தான் குண்டானுக்குள்ள தலைய விட்டுக்கினு முழிச்சிது" என்றார்.

அவருக்கு மூன்று பிள்ளைகள். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. நான் பட்டம் வாங்கியவள், தடுப்பூசி போட வேண்டிய நாட்களை நோட்டில் எழுதி வைத்திருப்பவள். என் கண்ணில் படாதது அவர் கண்ணில் பட்டுவிட்டது. நன்றி சொன்னேன். ஆனால் குழந்தையை அவர் இடுப்பிலிருந்து கொஞ்சம் வேகமாகவே வாங்கிக்கொண்டேன். அன்று மாலை கணவரிடம் எதையும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அக்கா ஒரு நீளமான பையோடு வந்தார். பச்சைப் பூப்போட்ட துணி. மேலே மாட்டுவதற்கு ஒரு வளையம். மேல்வாய் அகலம். கீழேயும் ஒரு வாய், அதைச் சுற்றி எலாஸ்டிக். மேலே கவர்களைத் திணித்துவிட்டுக் கீழே ஒவ்வொன்றாக இழுத்துக்கொள்ளலாம். பாண்டிச்சேரியில் நாத்தனார் வீட்டில் ஒரே ஒரு முறை பார்த்தாராம்.

"எங்க வீட்டுக்காரரு பாத்துட்டு, ஒத்தக்கால் பைஜாமா யாருக்குடின்னாரு" என்று சிரித்தார். "இந்தா, ஆணியில மாட்டு. பாப்பா கைக்கு எட்டாது."

மாட்டினேன். மாலையில் கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீயா தைச்ச?"

"ஆமாங்க."

அக்கா தைத்தது என்றால் எதற்கு என்று கேட்பார். அந்தக் கேள்வி கீழ்த்தட்டில் போய் நிற்கும். பயந்துதான் சொன்னேன். ஆனால் அந்தப் பை நான் தைத்ததாக இருக்கக் கூடாதா என்ற ஆசையும் எனக்கு இருந்தது.

"இவ்ளோ நல்லா தைக்கத் தெரியுமா உனக்கு? ஞாயித்துக்கிழமை விழுப்புரம் போறோமில்ல, அம்மாவுக்கும் ஒண்ணு தைச்சிடு" என்றார். என் குழம்பைக்கூட அவர் அப்படிப் பாராட்டியதில்லை.

எனக்கு மெஷின் கிடையாது. அக்கா வீட்டு மெஷின் ஓடும் சத்தம் பொதுச் சுவர் வழியாகக் கேட்கும். அதைப் போய்க் கேட்க முடியுமா? குழந்தை தூங்கிய மூன்று மதியங்கள் உட்கார்ந்து, ஒரு தலையணை உறையைப் பிரித்துக் கையாலேயே தைத்தேன். பள்ளிக்கூடத்தில் தையல் பாடத்துக்கு நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் நோட்டில் ஒட்டுகிற மாதிரித் துணி உள்ளங்கை அளவுதான் இருக்கும். முழு நீளத்துக்குத் தைத்தபோது தையல் கோணிக்கொண்டு போனது. எலாஸ்டிக்கை ஊக்கில் கோத்து உள்ளே செலுத்தும்போது ஒரு சந்தேகம். நாளைக்குக் குழந்தை நிற்க ஆரம்பித்து, கீழ்வாயிலிருந்து கவரை இழுத்துவிட்டால்? எலாஸ்டிக்கைக் கொஞ்சம் நறுக்கினேன். அதுவும் போதாது என்று தோன்றியது. மறுபடியும் நறுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கணவர் இரண்டு பைகளையும் பார்த்தார். பச்சைப் பையை ஆணியிலிருந்து கழற்றினார். "நல்லத அம்மாவுக்குக் குடுப்போம். இது ஏதோ அவசரத்துல தைச்ச மாதிரி இருக்கு. நமக்கு இருக்கட்டும்."

விழுப்புரத்தில் மாமியார், மல்லாட்டைக் கடலை விற்க வந்த அம்மாவிலிருந்து பால்காரர் வரை எல்லோருக்கும் அதைக் காட்டினார். "எங்க சின்ன மருமவ தைச்சது. தையலப் பாருங்க, கடையில தைச்சாப்பல!" எனக்குக் கிடைத்த பாராட்டைக் கேட்டு எனக்கே பொறாமையாக இருந்தது.

மறுநாள் அக்கா வந்தவுடன் ஆணியைத்தான் பார்த்தார். "நான் குடுத்தது எங்க?"

"மாமியாருக்குக் குடுத்துட்டோம்க்கா. இது நான் தைச்சது."

கீழே தெரிந்த கவர் நுனியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். "ஏம்மா, ஆணியே வந்துடும் போலக்குதே! எலாஸ்டிக்க இவ்ளோ டைட்டா வெச்சா கவரு எப்படி வரும்?"

"பாப்பா இழுத்துடக் கூடாதுன்னு..."

அக்கா ஒரு நிமிஷம் பையையே பார்த்தார். "அது சரிதான். எனக்குத் தோணல பாரு."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வராதா என்றுதான் ஒரு வாரமாக ஏங்கியிருந்தேன். அவர் அதை உறைமோர் கேட்பது மாதிரி சொல்லிவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "அக்கா, உங்க பைய நான் தைச்சேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். அன்னிக்கு நடந்ததையும் சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க."

"நான் எங்க சொல்லப் போறேன்? அத நான் அன்னிக்கே மறந்துட்டேன்" என்று சிரித்தார்.

காலியாகிவிட்ட கீழ்த்தட்டை நான் தினமும் பத்து முறை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மறந்தே போய்விட்டார்.

மாலையில் கணவர் கை கால் கழுவுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலில் கவரை, பிறகு பையை. அவர் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "அவங்க வரலன்னா?" என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை. கழற்றிய சட்டையை மறுபடியும் போட்டுக்கொண்டு நன்றி சொல்லப் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

சுவர் வழியாக அக்காவின் குரல் கேட்டது. "என்னா சார், இதுக்குப் போயி!" பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். அரை மணி நேரம் கழித்து வந்தவர், தனக்குக் காப்பி வேண்டாம், அங்கேயே குடித்தாகிவிட்டது, ரொம்ப நன்றாக இருந்தது என்றார்.

எனக்கு அந்தக் காப்பியின் மேலும் பொறாமையாக இருந்தது.