ரிசப்ஷன் ஷூ

கடலைப் பார்த்த அந்தக் கிளப்பின் வாசலை இருபது வருஷமாக ஸ்கூட்டரில் கடந்திருக்கிறேன், உள்ளே போனதில்லை. என் கணவரோடு சேர்ந்து வேலை எடுக்கும் வங்காளி காண்ட்ராக்டர், தன் இருபத்தைந்தாவது கல்யாண நாள் விருந்துக்கு எங்களை அங்கே அழைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டு, ஆட்டம் எல்லாம் உண்டாம். எங்கள் கல்யாண ரிசப்ஷனிலேயே ஒரு பாட்டுக்கு என்னோடு ஆடச் சொல்லி இவரைக் கேட்டேன். "அப்புறம் ஆடலாம்" என்றார் மனுஷர். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. இந்தத் தடவை விடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

ஷூ போடாத ஆண்களைக் கிளப்பில் விடமாட்டார்கள். பாதி வருஷம் மழையில் நனைகிற தீவில் யார் ஷூ போடுகிறார்கள்? ஜங்லிகாட்டில் எங்கள் தெரு முழுக்க ரப்பர் செருப்புதான். பீரோவின் அடியிலிருந்து எங்கள் ரிசப்ஷனில் போட்ட ஷூவை எடுத்தார் இவர். மேலெல்லாம் பூஞ்சை.

"அபர்டீன் பஜார்ல புதுசா ஒண்ணு வாங்குங்களேன்."

"இதுக்கென்ன குறைச்சல்?" என்று தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தார். வீம்பு!

கிளப்புக்குள்ளே சரவிளக்கு, பளிங்குத் தரை, நாலடுக்குக் கேக். என் கத்தரிப்பூ நிறப் பட்டுச் சேலையை இரண்டு பேர் தொட்டுப் பார்த்தார்கள். பெருமையாக இருந்தது. பாட்டு ஆரம்பித்ததும் இவர் கையைப் பிடித்து இழுத்தேன். மூன்றடி வைத்திருப்பார், ஷூவின் அடிப்பாகம் அப்படியே கழன்று விழுந்தது. திரும்பிப் பார்த்தால் வாசலிலிருந்து எங்கள் நாற்காலி வரை கறுப்புத் தூள். உப்புக்காற்றில் சோல் உளுத்துப்போயிருந்தது.

"வா, வீட்டுக்குப் போயிரலாம்" என்றார் காதோரம்.

"நல்ல சாக்கு கிடைச்சிருச்சுல்ல உங்களுக்கு!" என்று எரிந்து விழுந்தேன். அழுகை முட்டியது.

அப்போதுதான் கவனித்தேன், மேடைப் பக்கமும் அதே தூள். விருந்து கொடுத்தவர் ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். அவரும் கல்யாண ஷூவைத்தான் போட்டிருந்தார். "அரே பாய், மேரா பீ கயா!" தன்னுடையதும் போச்சு என்று கத்தி, இரண்டையும் மூலையில் வீசினார். மற்ற ஆண்களும் குனிந்து காலைப் பார்த்தார்கள். ஐந்தாறு ஜோடி மூலைக்குப் போனது. தூளைப் பார்த்துப் பாய்ந்து வந்த கிளப் மேனேஜருக்கு நடுவழியிலேயே ஒரு சோல் கழன்றது. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இவர் நழுவியிருப்பார் என்று தேடினேன். ஷூவைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு என் முன்னால் நின்றார்.

"புதுசு வாங்கியிருந்தா இந்தக் கூத்து உண்டா?" என்றேன், விடாமல்.

"அன்னிக்கு நீ ஆடக் கேட்டப்ப கால்ல இதுதான் கெடந்துச்சு. இதைப் போட்டுக்கிட்டே ஆடணும்னு நெனச்சேன்டி."

அடப்பாவி மனுஷா, இதை முன்னாலேயே சொல்லக்கூடாதா? என் ஹீல்ஸைக் கழற்றி அந்த உளுத்த ஷூவுக்குப் பக்கத்தில் போட்டேன். ஒரு பாட்டு கேட்டவளோடு ஆறு பாட்டுக்கு ஆடினார். என் காலை எத்தனை தடவை மிதித்தாரோ, ஒரு தடவைகூட நான் திட்டவில்லை.